மூன்று தேற்றங்களும் ஒரு கழித்தல் குறியும்

கணித மன்ற இதழின் ஓய்வு பெற்றவர்கள் பக்கத்துக்கு என்னிடம் கட்டுரை கேட்டபோது சிரித்துவிட்டேன். எனக்கு வயது முப்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான். ஓய்வு பெற்றது நானல்ல, என் பதவி. பொறியியல் டிப்ளோமா மாணவருக்குத் தமிழில் கணித உதவி வகுப்பு நடத்தும் போதனாசிரியர் என்றொரு வேலை கண்டியில் நான் இருந்த நிறுவனத்தில் இனி இல்லை. பிள்ளைகள் கேள்வியைக் கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். அது படிமுறையோடு விடை தருகிறது. வகுப்பை மூடிவிட்டார்கள். நானும் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். ஆனால் கணித மன்றத்துப் பிள்ளைகள் விடவில்லை.

“அந்தத் தொகையீட்டுத் தேற்றம் மூணையும் ஒப்பிட்டுச் சொல்லுவீங்களே மிஸ், அதயாவது எழுதித் தாங்க. போனு அப்படிச் சொல்லித் தர மாட்டேங்குது” என்றார்கள்.

போனை வென்ற ஆள் என்று யாராவது சொன்னால் எழுதாமல் இருக்க முடியுமா?

நான் புசல்லாவைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அம்மா தன் பெயரை எழுதப் பழகியதே என் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. உயர்தரத்தில் கணிதம் எடுத்தேன், கம்பஸ் போனேன், பட்டத்தோடு வந்தேன். இடையில் பட்ட பாட்டை எழுதினால் இந்தப் பக்கம் முழுவதும் பஸ் பயணமாகவே போய்விடும். வேலை கிடைத்ததும் என்ன வேலை என்று அம்மா கேட்டார். காற்றுக்கு ஒரு திசையும் ஒரு வேகமும் இருக்கிறது, அப்படியானவற்றைக் காவி என்போம், அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று விளக்கினேன். மறுநாள் லயத்து வரிசை வீடுகள் முழுவதும் செய்தி போயிருந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று என் மகள் எழுதிக் கொடுத்தால்தான் கண்டியில் இன்ஜினியர்மாருக்கே தெரியும் என்று அம்மா சொல்லியிருந்தார். நான் திருத்தப் போகவில்லை.

என் மேலதிகாரி, விரிவுரையாளர் தவமலர் மிஸ். யாழ்ப்பாணத்தவர், கண்டிக்கு வந்து பல வருடமாகியும் பேச்சில் ஓர் எழுத்துக்கூட மாறாதவர். யாராவது ஏற்கெனவே துடைத்திருந்தாலும் கரும்பலகையைத் தானே மீண்டும் துடைப்பார். துடைத்த பின் ஓர் எட்டுப் பின்னால் வைத்து அதைப் பார்ப்பார், ஏதோ அதில் ஏற்கெனவே எழுதியிருப்பதுபோல. பிழை விட்ட மாணவனிடம் “பிழை” என்று சொல்லமாட்டார். “நீர் இப்ப எங்க நிக்கிறீர்?” என்று கேட்பார். முதல் தடவை அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு பையன், “கதிரைக்குப் பக்கத்துல மிஸ்” என்றான். வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. பரப்புக்கு மேலே நின்று பார்க்கிறாயா கீழே நின்று பார்க்கிறாயா, உள்ளே நிற்கிறாயா வெளியே நிற்கிறாயா என்பதுதான் அவருடைய கேள்வி. அது தெரியாமல் பேனையைத் தொடக்கூடாது. முதலில் படம், பிறகு எல்லை, பிறகு எல்லையில் ஓர் அம்புக்குறி. கணக்கு அதற்குப் பிறகுதான்.

விடைத்தாள் திருத்துவதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. தாளில் பெயர் இருக்காது, சுட்டெண் மட்டும்தான். எல்லாத் தாளிலும் முதலாம் கேள்வியைத் திருத்தி முடித்துவிட்டுத்தான் இரண்டாவதுக்குப் போக வேண்டும். போகுமுன் கட்டைக் கலைத்து அடுக்க வேண்டும், நல்ல தாளுக்குப் பின்னால் வரும் தாள் பாவப்பட்டுப் போகாமலிருக்க. முதலில் நான் பென்சிலால் புள்ளி, அதாவது மதிப்பெண், போடுவேன். பிறகு அவர் என் புள்ளியைப் பார்க்காமல் ஒரு துண்டில் தன் புள்ளியை எழுதுவார். இரண்டும் வேறுபட்டால் அந்த விடையை ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர் கேட்க வேண்டும். சத்தமாக வாசித்தால் பாதிச் சண்டை தானாகத் தீர்ந்துவிடும். நான் இப்போது வேறு அலுவலகத்தில் வேறு தாள்களைப் பார்க்கிறேன். அங்கும் அப்படித்தான் செய்கிறேன்.

இனிப் பிள்ளைகள் கேட்ட தேற்றங்கள்.

மூன்றும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: உள்ளே நடப்பதையெல்லாம் கூட்டினால் வருவதை, உள்ளே போகாமல் எல்லையிலேயே நின்று கண்டுபிடிக்கலாம். கிரீனின் தேற்றம் தட்டையான நிலத்துக்கு. நான் அதற்கு எங்கள் லயத்தைக் காட்டுவேன். ஒவ்வோர் அறையிலும் ஒருவர் தன் அறைச் சுவரோரமாக ஒரே பக்கமாகச் சுற்றி நடக்கிறார் என்று வையுங்கள். பொதுச்சுவருக்கு இந்தப் பக்கம் நான் மேலே போனால் அந்தப் பக்கம் அடுத்த வீட்டு அக்கா கீழே போவார். இரண்டும் கழிபட்டுவிடும். கழிபடாமல் மிஞ்சுவது லயத்தின் வெளிச்சுவரோரம் நடந்த நடை மட்டும். உள்ளே உள்ள சின்னச் சின்னச் சுழற்சிகளின் கூட்டு, வெளியே ஒரு பெரிய சுற்று. அவ்வளவுதான் கிரீன்.

ஸ்டோக்ஸின் தேற்றம் அதே கதைதான், ஆனால் தட்டையாக இருக்க வேண்டியதில்லை. ஒரு வளையலைச் சவர்க்காரத் தண்ணீரில் முக்கி எடுங்கள். படலம் ஒட்டியிருக்கும். மெதுவாக ஊதினால் அது வயிறு தள்ளும். படலம் எப்படி உப்பினாலும் வளையல் மாறவில்லை. ஆகவே விடையும் மாறாது. அதைச் சொல்லிவிட்டு நான் என் கையிலிருந்த வளையலைக் கழற்றி, முக்கி, ஊதிக் காட்டுவேன். பின்வரிசையும் எழும்பிப் பார்க்கும்.

மூன்றாவது காஸின் தேற்றம். அதற்கு மூடிய பெட்டி வேண்டும். அதன் எல்லை ஒரு கோடல்ல, தோல். கண்டிச் சந்தையின் எல்லா வாசலிலும் ஆள் நிறுத்தி உள்ளே போகும் பலாக்காயையும் வெளியே வரும் பலாக்காயையும் எண்ணச் சொல்லுங்கள். உள்ளே கையிருப்பு மாறாமலே, உள்ளே போனதைவிட வெளியே வந்தது கூடவென்றால், சந்தைக்குள் எங்கோ ஒரு பலாமரம் காய்க்கிறது. தேடிப் போகத் தேவையில்லை, வாசலே சொல்லிவிட்டது.

ஒற்றுமை இது. வேறுபாடு எங்கே என்றால், முதல் இரண்டிலும் எல்லையைச் சுற்ற வேண்டும். சுற்றுவதென்றால் எந்தப் பக்கமாக என்ற கேள்வி வரும். மாறிச் சுற்றினால் விடையின் முன்னால் ஒரு கழித்தல் குறி வந்து உட்காரும். மூன்றாவதில் சுற்றுவதே இல்லை. வெளிப்பக்கம் என்றால் எல்லாருக்கும் வெளிப்பக்கம்தான். இந்த வேறுபாடு புத்தகத்தில் ஒரு வரி. எனக்கு அது ஒரு பிள்ளையின் டிப்ளோமாவாக வந்தது.

ஒரு வருடம் பரீட்சையில் மிஸ் ஒரு நீண்ட கேள்வி போட்டிருந்தார். மூன்று தேற்றத்தையும் தரப்பட்ட உதாரணங்களில் சரிபார்க்க வேண்டும், அதாவது எல்லைப் பக்கத்தையும் உட்பக்கத்தையும் வெவ்வேறாகக் கணித்து இரண்டும் ஒன்றென்று காட்ட வேண்டும். கடைசியில் மூன்றையும் ஒப்பிட்டு ஒரு பந்தி எழுத வேண்டும். நான் திருத்திக்கொண்டு போகையில் ஒரு தாளில் வாய்விட்டுச் சிரித்தேன். முதல் இரண்டு பகுதியிலும் எல்லைப் பக்கம் கழித்தல் குறியோடு வந்திருந்தது, உட்பக்கம் குறியில்லாமல். மூன்றாவதில் இரண்டும் சரி. ஒப்பீட்டுப் பந்தியில் அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் பொருள் இது: ‘மூன்று தேற்றங்களில் மூன்றாவது மட்டுமே நம்பத்தக்கது.’

சிறிது நேரத்தில் இன்னொரு தாள். அதே கழித்தல் குறிகள். ‘முதல் இரண்டு தேற்றங்களும் இங்கே பொருந்தவில்லை.’

மிஸ் சிரிக்கவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஆசன வரைபடத்தை எடுத்து வரச் சொன்னார். இரண்டு சுட்டெண்ணும் ஒரே வரிசை, நடுவில் ஒரேயொரு ஆசனம்.

“ரெண்டு பேர் ஒரே பிழையை விட்டால் தற்செயல் எண்டு விடலாம்” என்றார். “ரெண்டு பேர் ஒரே துணிச்சலோட தேற்றமே பிழை எண்டு எழுதினால் அது தற்செயல் இல்லை. இது பார்த்து எழுதினது.”

வரைபடத்தில் பெயர்கள் இருந்தன. இரண்டாவது தாளுக்குரியவன் சுதாகர். நான் சிரித்த முதல் தாளுக்குரியவள் பவித்ரா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை, என் உதவி வகுப்பின் முன்வரிசை. அவளுக்கு இந்தப் பாடத்தில் அதுதான் கடைசி வாய்ப்பு. பார்த்தெழுதியதாக முறைப்பாடு போனால் தாள் இரத்தாகும். தாள் இரத்தானால் அவள் டிப்ளோமா இல்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும். அவள் வீட்டிலும் அவளுக்கு முன்னால் யாரும் இவ்வளவு தூரம் வந்ததில்லை. முறைப்பாட்டை மறுநாள் மத்தியானத்துக்குள் எழுத வேண்டும் என்றார் மிஸ். அதற்குள் வேறு விளக்கம் இருந்தால் கொண்டு வரச் சொன்னார். “இரக்கத்தைக் கொண்டு வர வேண்டாம். விளக்கத்தைக் கொண்டு வாரும்.”

நான் மற்றத் தாள்களை மீண்டும் எடுத்தேன். இம்முறை விடையைப் பார்க்கவில்லை, விடைக்கு முன்னால் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தேன். ஒரு தாளில் அந்த இடம் பேனையால் கிறுக்கித் தடித்திருந்தது. இன்னொன்றில் வெள்ளை மை. வேறொன்றில் சுரண்டிச் சுரண்டித் தாளே மெலிந்துபோய், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது. வகுப்பில் பாதிப் பேருக்கும் கழித்தல் குறி வந்திருக்கிறது. எல்லாரும் அதைச் சத்தமில்லாமல் புதைத்துவிட்டு, ‘ஆகவே தேற்றம் சரி’ என்று கீழே கோடு இழுத்திருக்கிறார்கள். புதைக்காதவர்கள் இரண்டு பேர் மட்டும்.

சரி, ஆனால் பாதி வகுப்புக்கு ஏன் ஒரே கழித்தல் குறி? இடது கைப் பக்கம் பரப்பு இருக்கும்படி சுற்ற வேண்டும், அதாவது கடிகாரத்துக்கு எதிராக, என்று விரிவுரையிலும் சொன்னோம், என் வகுப்பிலும் சொன்னோம்.

மறுநாள் காலையில் நடு ஆசனத்துக்காரியைக் கூப்பிட்டேன். றிஸ்னா, மடவளைப் பிள்ளை. அவளுடைய தாளில் குறி சரியாக இருந்தது. அந்த இருவரும் பேசினார்களா, தாளை நீட்டினார்களா என்று கேட்டேன்.

“எனக்கு மேலாலயா மிஸ் நீட்டுவாங்க? நான் மேச முழுக்கப் பரத்திக்கிட்டுத்தான் எழுதுற” என்றாள்.

சரி, நீ எப்படிச் செய்தாய் என்றேன். அவள் மேசையில் விரலால் ஒரு வட்டம் போட்டு அதன் ஓரமாக விரலை ஓட்டினாள், கடிகாரத்துக்கு எதிராக, யோசிக்காமலே. ஏன் அந்தப் பக்கமாக என்று கேட்டேன்.

“வேற எப்படி மிஸ் சுத்துற? வாப்பா மக்காவுக்கு உம்றா போய்ட்டு வந்து, மேசைக்கு நடுவுல தேத்தண்ணிக் கோப்பைய வச்சி எங்க எல்லாரையும் சுத்த விட்டாரு. கஃபா இடது கைப் பக்கம் ஈக்கணும். தம்பி மாறிச் சுத்தி ஏச்சு வாங்கினான்.”

நான் மேசையில் இருந்த என் கையைப் பார்த்தேன். அவள் வட்டம் போட்டதும் என் விரலும் தானாகச் சுற்றப் புறப்பட்டிருந்தது. மற்றப் பக்கமாக.

கோயிலில் சாமி வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். அப்படித்தான் வலம் வருவோம், கடிகாரத்தோடு. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து காலுக்கு வேறு சுற்றே தெரியாது. பௌத்த விகாரையில் தாகபை என்ற தூபியையும் அப்படித்தான் சுற்றுகிறார்கள். காதால் கேட்ட விதி காலால் பழகியதிடம் பரீட்சை மண்டபத்தில் தோற்றுப்போயிருக்கிறது. அதற்கு மேல் ஒன்று: மிஸ் போட்ட கேள்வியின் படத்தில் அம்புக்குறி இல்லை. அம்புக்குறி இல்லாமல் பேனையைத் தொடாதே என்று சொல்பவரின் கேள்வியில்.

ஓடித்தான் போனேன். மிஸ் முழுவதையும் கேட்டார். அம்புக்குறி பற்றிச் சொன்னபோது கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு, “நானும் சின்ன வயசில இருந்து கோயில் சுத்திறனான். எனக்குக் கழித்தல் குறி வரேல்லையே” என்றார்.

“உங்களுக்கு ஒருதரமும் வந்ததே இல்லையா மிஸ்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது தேவையில்லாத கேள்வி என்றார். பிறகு, நான் சொல்வது அவர்கள் ஏன் அப்படிச் செய்திருக்கக்கூடும் என்பதைத்தான் காட்டுகிறது, பார்த்தெழுதவில்லை என்பதைக் காட்டவில்லை என்றார். அது நியாயம். விளக்கம் என்று வந்தால் அது இன்னும் நடக்காத ஒன்றையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

நான் ஒரு தாளில் கண்டி வாவியை வரைந்தேன், நடுவில் தீவோடு. பரப்பு என்பது தண்ணீர். அதற்கு இரண்டு எல்லை, வெளிக்கரை ஒன்று, தீவின் கரை ஒன்று. தண்ணீர் எப்போதும் இடது கைப் பக்கம் இருக்க வேண்டுமென்றால் வெளிக்கரையில் கடிகாரத்துக்கு எதிராகப் போக வேண்டும். தீவைச் சுற்றும்போது கடிகாரத்தோடு போக வேண்டும். விதி தெரிந்தவர் இரண்டு அம்புக்குறியை எதிரெதிராகப் போடுவார். ஒன்றும் தெரியாமல் ஊகிப்பவர் எப்படியும் போடுவார். பழக்கத்தால் சுற்றுபவர்?

“ரெண்டையும் வலமாத்தான் சுத்துவாங்க மிஸ். வெளிக்கரை பிழையா வரும், தீவு சரியா வரும். ரெண்டு பேருக்கும் தனித்தனியாக் குடுத்துப் பாருங்க. அப்படி வராட்டி நீங்க முறைப்பாட்டை எழுதுங்க, நான் வாயத் திறக்க மாட்டேன்.”

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. என் வாயால் அந்தப் பிள்ளையின் டிப்ளோமாவை இரண்டு அம்புக்குறியில் தொங்க விட்டிருந்தேன்.

மிஸ் தன் முறைப்படியே செய்தார். இருவரையும் வேறு வேறு அறையில் இருக்க வைத்தார். மண்டபத்தின் மறு மூலையில் இருந்து எழுதிய, குறியை வெள்ளை மையால் புதைத்த ஒரு சிங்களப் பையனையும் கூப்பிட்டார், அவனுக்கும் இவர்களுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. ஒவ்வொருவராக வந்து இரண்டு கரையிலும் நின்றபடியே அம்புக்குறி போட வேண்டும். காரணம் சொல்லக்கூடாது.

முதலில் சிங்களப் பையன். இரண்டும் வலம். அடுத்தது சுதாகர். வெளிக்கரையை வலமாகப் போட்டான். தீவில் பென்சிலை வைத்துக்கொண்டு என்னை ஒருதரம் பார்த்தான். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன். அவன் தீவையும் வலமாகச் சுற்றினான்.

பவித்ரா வந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன், இல்லை. முகத்தைக் கழுவி, தலையை இழுத்துப் பின்னி, சண்டைக்கு வந்தவள்போல நின்றாள். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வெளிக்கரை, வலம். தீவு, வலம். பென்சிலை மேசையில் வைத்துவிட்டு மிஸ்ஸை நேராகப் பார்த்தாள்.

மிஸ் மூன்று தாளையும் வரிசையாக வைத்து, ஓர் எட்டுப் பின்னால் போய்ப் பார்த்தார். நான் மூச்சு விட்டேன். ஆனால் அவர் முடிக்கவில்லை. பவித்ராவின் விடைத்தாளை எடுத்து அந்த ஒப்பீட்டுப் பந்தியை விரலால் தொட்டார்.

“வகுப்பில பாதிப் பேருக்கு இந்தக் குறி வந்திருக்கு. எல்லாரும் அதை ஒளிச்சுப்போட்டு தேற்றம் சரி எண்டு எழுதியிருக்கினம். நீர் ஏன் ஒளிக்கேல்லை?”

பவித்ரா யோசித்தாள். அவளுக்கு அது கேள்வியாகவே படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“நான் ரெண்டு தரம் செஞ்சு பாத்தேன் மிஸ். ரெண்டு தரமும் அதேதான் வந்துச்சு. நான் பிழை விடல. அப்போ அவருதானே விட்டிருக்கணும்.”

அவர் என்றால் யார் என்று மிஸ் கேட்டார்.

“கிரீன்.” பிறகு, நியாயமாக இருக்க வேண்டுமென்று நினைத்தாளோ என்னவோ, “அந்த மத்த ஆளும்” என்று சேர்த்தாள்.

மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் இரண்டும் குலுங்கியதை அன்றுதான் பார்த்தேன். திரும்பி வந்தபோது குரல் பழையபடி இருந்தது. இருவர்மீதும் முறைப்பாடு இல்லை என்றார். கேள்வியில் அம்புக்குறி போடாதது தன் பிழை என்றார், ஆகவே வலமாகச் சுற்றியவருக்கும் முழுப் புள்ளி என்றார். குறியை ஒளித்தவர்களுக்கு அந்த வரிக்குப் புள்ளி இல்லை. தேற்றம் நம்பத்தக்கதல்ல என்ற பந்திக்கும் புள்ளி இல்லை, ஆனால் அதில் காஸுக்குப் பிரச்சினை வரவில்லை என்று பிள்ளை கவனித்திருப்பதற்கு உண்டு. என்னைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். பாஸ் பண்ண வேண்டியதைவிடக் கொஞ்சம் மேலேயே வந்தது.

பவித்ரா போகலாமா என்று கேட்டாள். போகச் சொன்னார். கதவடியில் நின்று, “அப்ப அவங்க ரெண்டு பேரும் சரிதானா மிஸ்?” என்று கேட்டாள். சரிதான் என்றார் மிஸ். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள், அவர்களை மன்னித்துவிட்டவள்போல.

மிஸ் சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றினார். பிழையென்று நான் பென்சிலால் போட்டிருந்த புள்ளடியை அழித்துவிட்டு, பவித்ரா ஒளிக்காமல் விட்டிருந்த கழித்தல் குறிக்குப் பக்கத்தில், ஒரு பெரிய சரி போட்டார்.